மூன்று பங்காளிகள்: ஒரு பழைய எக்ஸ்ரே படத்தின் பாகப்பிரிவினை

பீரோவின் மேல் ஒரு புதிர்

திருப்பூரில் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய மண்ணரையில், காலையில் பனியன் கம்பெனிக்கும் பவர் டேபிளுக்கும் புறப்பட்டு இரவில் திரும்பும் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளில், பீரோவின் மேலோ கட்டிலின் அடியிலுள்ள தகரப் பெட்டியிலோ, ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட பெரிய காகித உறை ஒன்று கிடப்பது சர்வ சாதாரணமான காட்சி. கை முறிந்த சமயத்தில் எடுத்ததோ, மாதக் கணக்கில் இருமல் விடாத காலத்தில் எடுத்ததோ, ஏதோ ஒரு கறுத்த பிலிம் அதனுள் இருக்கும். இனி அதனால் பிரயோஜனம் இல்லை என்று வீட்டார் அறிவார்கள். ஆனாலும் உடம்பின் படமாயிற்றே என்று அதைக் குப்பையில் எறிய மனம் வராமல் வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள்.

பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் இந்த விஷயத்தில் வேறுவிதமாக நடந்துகொள்கிறார். காகிதத்தை ஒரு கட்டாகவும் பிளாஸ்டிக் சாமான்களை ஒரு மூட்டையாகவும் போடுகிறவர், எக்ஸ்ரே பிலிம் என்றால் மட்டும் அதைத் தனியே எடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் பத்திரப்படுத்துகிறார். அவருக்கு வைத்தியம் தெரியாது. எலும்பைப் பற்றிய அக்கறையும் இல்லை. அவர் பார்ப்பது படத்தில் கறுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே. கறுத்த பிளாஸ்டிக் தாளுக்கு விலை எங்கிருந்து வந்தது, அந்த விலைக்கும் கறுப்புக்கும் என்ன சம்பந்தம், அந்தத் தாள் நம் கையைவிட்டுப் போனபின் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும் என்பவை இந்த அத்தியாயத்தின் கேள்விகள்.

வெள்ளி எப்படிக் கறுக்கிறது

எக்ஸ்ரே பிலிமின் நடுவில் இருப்பது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தடிமன் கொண்ட, இலேசான நீல நிறமுள்ள பாலியெஸ்டர் தாள். அதன் இரு பக்கங்களிலும், பிராணிகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படும் ஜெலட்டின் என்னும் பசையில், வெள்ளி புரோமைடு என்ற உப்பின் நுண்ணிய படிகங்களைக் கலந்து பூசியிருக்கிறார்கள். இந்தப் பூச்சைப் பால்மம் என்று அழைப்போம்.

எக்ஸ்ரே கதிர் உடம்பினூடே புகுந்து, பிலிமின் இரு பக்கங்களிலும் வைக்கப்பட்டுள்ள திரைகளை ஒளிரச் செய்கிறது. அந்த ஒளி பட்ட படிகங்களில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவில், சில வெள்ளி அணுக்கள் பிரிந்து நிற்கின்றன. இந்நிலையில் படம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பார்க்க முடியாது. ஆகவே இதை மறைபிம்பம் என்னலாம். பிறகு இருட்டறையில் டெவலப்பர் என்னும் திரவத்தில் பிலிமை அமிழ்த்தும்போது, முன்பே தீண்டப்பட்ட படிகங்கள் முழுவதும் வெள்ளியாக மாறுகின்றன. தீண்டப்படாதவை அப்படியே நிற்கின்றன.

வெள்ளியானால் பளபளவென்று வெண்மையாக அல்லவா இருக்க வேண்டும் என்ற சந்தேகம் இங்கே எழுவது நியாயமே. உலோகத்தின் பளபளப்பு, அது வழவழப்பான பரப்பாக இருக்கும்போது ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாவது. பிலிமில் உள்ள வெள்ளியோ, சிக்கல் விழுந்த நூல்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நுண்ணிய இழைகளாக இருக்கிறது. அதனுள் நுழைந்த ஒளி அங்குமிங்கும் மோதி, வெளியே வராமல் உள்ளேயே அடங்கிவிடுகிறது. கொலுசு கறுப்பதற்குக் காரணம் வேறு. அங்கே வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வேறொரு சேர்மமாகிறது. எக்ஸ்ரே படத்தின் கறுப்பில் அப்படி எந்தக் கலப்பும் இல்லை, அது வெள்ளியேதான்.

எலும்பின் வெள்ளி எங்கே போயிற்று

தையல் மிஷினில் வேகமாகத் துணியைத் தள்ளும்போது ஊசி விரலில் ஏறி உள்ளேயே முறிந்துபோவது, திருப்பூரில் தைக்கிறவர்கள் அனைவரும் கேள்விப்பட்ட விபத்து. அந்த விரலை எடுத்த படத்தைக் கூர்ந்து பார்த்தால், சதை சாம்பல் நிறமாகவும், எலும்பு வெளுப்பாகவும், முறிந்த ஊசித் துண்டு எல்லாவற்றையும்விட வெண்மையாகவும், விரலுக்கு வெளியே உள்ள வெற்றிடம் கன்னங்கரேலென்றும் தெரியும். ஊசி கதிரைத் தடுத்துவிட்டபடியால் அதன் பின்னாலிருந்த படிகங்கள் தீண்டப்படவில்லை. அவற்றை அப்படியே விட்டால் பின்னர் வெளிச்சத்தில் மெல்லமெல்லக் கறுத்துப் படத்தைக் கெடுத்துவிடும். ஆகையால் தயோசல்பேட் என்னும் உப்பு கலந்த பிக்ஸர் என்ற இரண்டாவது திரவம் அவற்றைக் கரைத்து எடுத்துவிடுகிறது. விரலில் உலோகம் எங்கே இருந்ததோ, படத்தில் அங்கேதான் உலோகம் இல்லை!

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, பிலிமின் வெள்ளியில் ஒரு பங்கு படத்தின் கறுப்பில் தங்குகிறது. மறு பங்கு ஆஸ்பத்திரியின் பிக்ஸர் தொட்டிக்குள் போய்விடுகிறது. பழைய பேப்பர்க்காரர் கறுப்பைப் பார்த்து மதிப்பிடுவது சாஸ்திரத்துக்குப் பொருத்தமான செய்கையே. இரண்டாவது, படத்தின் எல்லா இடத்திலும் வெள்ளி ஒரே அளவில் இல்லை. 2019 டிசம்பர் 26-ஆம் தேதி கொங்கு நாட்டில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது, எக்ஸ்ரே பிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று விஞ்ஞானிகள் எச்சரித்ததற்கு இதுவும் ஒரு காரணம். எலும்பு தெரியும் இடத்தின் வழியே கண்ணுக்குள் புகும் ஒளியைத் தடுக்க அங்கே போதிய வெள்ளி கிடையாது.

ஸ்கேன் சென்டர்களில் இப்போது தரப்படும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் பல, திரவமே இல்லாமல் உஷ்ணத்தால் உருவாக்கப்படும் உலர் பிலிம்கள். இவற்றில் ஒரு வகையில் வெள்ளி வேறொரு உப்பின் வடிவில் இருக்கிறது. கழுவும் வேலை இல்லாததால் வெளுத்த இடத்திலும் அது தங்கிவிடுகிறது. வேறு சில வகைகளில் வெள்ளி அறவே இல்லை. ஆகவே வகை பிரிப்பது பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கும் தொழிலின் முதல் வேலை. உஷ்ணத்தால் உருவாகும் படம் பிற்பாடும் உஷ்ணத்துக்கு அஞ்சும். தகர ஷீட் வேய்ந்த கூரையின் கீழ் சித்திரை வெயிலில் அதை வைக்காமலிருப்பது நல்லது.

தாளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தபோதும், அடுத்த மாதமே தம் மனைவியின் கையை மோதிரத்தோடு படம் பிடித்தபோதும், பால்மம் பூசப்பட்டிருந்தது கண்ணாடியின்மேல். உடையும் கண்ணாடிக்குப் பதிலாகப் பின்னர் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் வளையும் தாள் வந்தது. அது எளிதில் தீப்பற்றும் வஸ்து. 1929 மே 15-ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகர மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் சேமித்து வைத்திருந்த அத்தகைய எக்ஸ்ரே பிலிம்கள் பற்றிக்கொண்டு, அவற்றிலிருந்து கிளம்பிய விஷவாயுவால் 123 பேர் மாண்டனர். பழைய பிலிமைக் கவனமின்றிக் குவித்து வைப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்று உலகம் கற்ற தினம் அது. அதன்பின் நைட்ரேட் ஒழிந்து அசிட்டேட் வந்தது. 1960-களிலிருந்து பாலியெஸ்டர் அதன் இடத்தைப் பிடித்தது.

நம் மேற்குமலை உச்சியிலேயே இந்தச் சரித்திரத்தின் ஓர் ஏடு எழுதப்பட்டது. தூசியற்ற காற்றையும் குளிர்ச்சியையும் கருதி உதகமண்டலத்தில் மத்திய அரசு 1960-இல் ஸ்தாபித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் புகைப்படச் சுருள்களோடு எக்ஸ்ரே பிலிமையும் நாடெங்கும் அனுப்பிவந்தது. டிஜிட்டல் யுகம் வந்தபின் அது நிலைக்கவில்லை. ஆனால் பிலிம் தயாரிப்பது நின்றதால் பிலிம் மறைந்துவிடாது. விற்றுப்போன பிலிம்கள் ஆஸ்பத்திரிக் கிடங்குகளிலும் நம் பீரோக்களின் மேலும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

திருப்பூருக்கு இன்னொரு சம்பந்தமும் உண்டு. பனியனில் படம் அச்சிடும் பிரிண்டிங் பட்டறைகளில் ஸ்கிரீனை எக்ஸ்போஸ் செய்வதற்கு, கம்ப்யூட்டர் பிரிண்டர் வருமுன், பாசிட்டிவ் பிலிம் உபயோகித்தார்களே, அதுவும் வெள்ளிப் பால்மம் பூசியதே. பழைய பட்டறைகளின் பரண்களில் அத்தகைய பிலிம் கட்டுகள் இருக்கக்கூடும்.

ஒரு படத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

மார்பை முழுமையாக எடுக்கும் 14 அங்குல அகலமும் 17 அங்குல நீளமும் உள்ள பிலிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 40 கிராம். அதாவது 25 பிலிம் சேர்ந்தால் ஒரு கிலோ. இருட்டறையில் கழுவிய பழைய எக்ஸ்ரே பிலிம்களில், எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை வெள்ளி இருப்பதாக ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். நாம் குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரு பிலிமில் 0.4 கிராம் வெள்ளி. 2025-இல் வெள்ளி விலை கிலோவுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு லட்சத்தை வைத்துப் பார்த்தாலே, பீரோவின் மேல் கிடக்கும் ஒரு மார்புப் படத்தில் நாற்பது ரூபாய் வெள்ளி உறைந்திருக்கிறது.

250 படங்களில் 100 கிராம். ஒரு ஜோடிக் கொலுசுக்குப் போதும். 2,500 படங்கள், அதாவது 100 கிலோ பிலிம், ஒரு கிலோ வெள்ளியைத் தரும். ஒரு டன்னுக்கு என்றால் 10 கிலோ. சுரங்கத்திலோ, டன்னுக்குச் சில நூறு கிராம் வெள்ளியுள்ள தாதுவே நல்ல தாதுவாக மதிக்கப்படுகிறது. நம் நாட்டில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பகுதி ராஜஸ்தானத்து ஈய, துத்தநாகச் சுரங்கங்களில் அந்த உலோகங்களோடு உடன் கிடைப்பது. அந்தத் தாதுவைவிடப் பல மடங்கு செழிப்பான சுரங்கம் பழைய பிலிம் கட்டு.

ஆனால் கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். அந்த 100 கிலோவில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் பாலியெஸ்டர். தவிர, தராசில் நிறுக்க முடியாத ஒன்றும் அதில் இருக்கிறது: 2,500 பேருடைய பெயரும், வயதும், தேதியும், நோயும். எனவே ஒரு பழைய எக்ஸ்ரே படத்தில் பெயர், வெள்ளி, பாலியெஸ்டர் என்று மூன்று பங்காளிகள் உள்ளனர். பாகப்பிரிவினை கிரமமாக நடக்க வேண்டும்.

முதல் பங்கு: பெயர்

பிலிமின் ஓரத்தில் ஒளியால் பதித்த சிறு பட்டையில் நோயாளியின் பெயர், வயது, பாலினம், பதிவு எண், தேதி, ஆஸ்பத்திரியின் பெயர் ஆகியன இருக்கும். அது ஒட்டிய சீட்டு அன்று, பால்மத்திலேயே எழுதப்பட்டது. கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்குக் காசநோய் இருந்து குணமாயிற்று என்பதை அவளும் டாக்டரும் அறிவது வேறு. இரும்புக்கடையில் கட்டவிழ்ந்து கிடக்கும் பிலிமிலிருந்து தெருவார் அறிவது வேறு.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று வருஷம் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்லுகின்றன. விபத்து, அடிதடி போன்ற போலீஸ் சம்பந்தமான கேஸ்களின் படங்கள் வழக்கு முடியும்வரை சாட்சியமாகக் காக்கப்பட வேண்டியவை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் டிஜிட்டல் வடிவிலுள்ள தகவல்களையே கருதி இயற்றப்பட்டது. கிடங்கில் கிடக்கும் பிலிமுக்கு அது நேராகக் காவல் நிற்பதில்லை. அங்கே காவல், வைத்தியனுக்குரிய இரகசியம் காக்கும் தர்மம்தான்.

அந்தத் தர்மம் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் உதாரணம் உண்டு. ராலே நகரத்து எலும்பு மருத்துவ நிலையம் ஒன்று, பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகவும், கூலிக்குப் பதில் பிலிமிலுள்ள வெள்ளியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்ன ஒருவரிடம், உரிய இரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல், 17,300 நோயாளிகளின் படங்களை ஒப்படைத்துவிட்டது. அதற்காக 2016-இல் அந்நிலையம் அந்நாட்டு அரசுக்கு ஏழரை லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. வெள்ளியின்மேல் கண் வைத்தவர் பெயரை மறந்த கதை இது.

ஆகவே, ஆஸ்பத்திரிகள் பழைய பிலிமை ஏலத்தில் விடும்போது, கிலோவுக்கு அதிக விலை யார் தருவார் என்று மட்டும் பார்ப்பது போதாது. எடை போட்டு, முத்திரையிட்ட மூட்டையில் அனுப்பி, யார் யார் கைமாறியது என்று எழுதி வைத்து, முதல் வேலையாக மிஷினில் போட்டுச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, அழித்தாயிற்று என்று சான்றிதழ் பெறுவதே முறை. சிறு துண்டுகளாகிவிட்ட பிலிமில் வெள்ளி ஒரு துளியும் குறைவதில்லை. பெயர் மட்டும் போய்விடுகிறது.

இரண்டாம் பங்கு: வெள்ளி

வெள்ளியை எடுக்க மிகச் சுலபமான வழி எரிப்பது. மிக மோசமான வழியும் அதுதான். எரித்த சாம்பலை உருக்கினால் வெள்ளி கிடைக்கும். ஆனால் பாலியெஸ்டர் முழுவதும் கரும்புகையாகப் போய்விடும், புகையோடு வெள்ளியும் கொஞ்சம் பறக்கும், சுற்றியுள்ளவர்கள் அதைச் சுவாசிப்பார்கள்.

அடுத்த வழி, துண்டுகளைக் காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரில் போடுவது. ஜெலட்டின் கரைந்து வெள்ளி கறுஞ்சேறாக அடியில் தங்குகிறது. தெளிந்த பாலியெஸ்டர் துண்டுகளை வாரி எடுக்கலாம். ஆனால் காஸ்டிக்கின் உக்கிரம் கூடினால் அது பாலியெஸ்டரையே அரிக்கத் தொடங்கும். பாலியெஸ்டர் துணியை மென்மையாக்குவதற்காகக் காஸ்டிக்கில் ஓட்டி எடை குறைக்கும் பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயமே.

மூன்றாவது வழி, நொதியைக் கொண்டு பிரிப்பது. நொதி என்பது உயிரினங்கள் உண்டாக்கும், ஒரு குறிப்பிட்ட வஸ்துவை மட்டும் தேடிச் சிதைக்கும் பொருள். பனியன் துணியின் மேலெழும் பிசிறைப் போக்குவதற்கு என்சைம் வாஷ் கொடுக்கிறார்களே, அங்கே பருத்தியைத் தின்னும் நொதி வேலை செய்கிறது. ஜெலட்டினோ ஒரு புரதம். ஆகையால் இங்கே புரதத்தைத் தின்னும் நொதி வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அது ஜெலட்டினைச் சிதைத்து, வெள்ளியை உதிர்த்துவிட்டு, பாலியெஸ்டரைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஆயினும் மூன்றிலும் சாந்தமான வழி இதுவே.

எவ்வழியில் வந்தாலும், சேற்றை உலர்த்தி, பொற்கொல்லர் அறிந்த வெண்காரத்தைச் சேர்த்து, வெள்ளி உருகும் 962 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூசையில் காய்ச்சினால், அழுக்கு மேலே கசடாக மிதக்க, அடியில் வெள்ளி கட்டியாகிறது. நகைக்கடைக்கு வந்தபின் அதற்கும் சுரங்க வெள்ளிக்கும் பேதம் கிடையாது.

பிக்ஸரில் கரைந்துபோன வெள்ளியை மறந்துவிடக் கூடாது. அதில் மின்சாரம் பாய்ச்சினால் வெள்ளி ஒரு தகட்டில் வந்து படியும். இரும்பு நார் நிரப்பிய உருளை வழியே விட்டால் இரும்பு கரைந்து வெள்ளி தங்கும். இந்தத் திரவத்தை அப்படியே சாக்கடையில் விடுவது குற்றம். 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள், எக்ஸ்ரே பிலிம் கழுவும் வெள்ளித் திரவத்தைப் பெயர் சொல்லி மஞ்சள் பிரிவில் சேர்த்து, வெள்ளியை மீட்டு, சுத்திகரித்த பின்னரே மற்றக் கழிவுநீரோடு கலக்க வேண்டும் என்கின்றன. நீரில் அயனியாகக் கரைந்த வெள்ளி மீனுக்கும் நுண்ணுயிருக்கும் விஷம். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையைச் செய்வதும் நுண்ணுயிர்கள்தானே!

கடைசிப் பங்கு: பாலியெஸ்டர்

வெள்ளி நீங்கிய தாளை அலசி உலர்த்தினால், தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் நூலும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள் நமக்கு மிஞ்சுகிறது. பாட்டிலை நூலாக்கும் வித்தை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த, பழைய பாட்டில்களிலிருந்து செய்த நீல அரைக்கோட்டின் துணி கரூரில் தயாரானது. எக்ஸ்ரே தாளின் நீலச் சாயல் வெண்ணூலுக்கு இடையூறுதான். அடர்ந்த நிறச் சரக்குக்கும் தலையணை, மெத்தையில் திணிக்கும் பஞ்சுக்கும் அது தடையாகாது. ஆனால் ஜெலட்டினும் வெள்ளியும் முற்றும் நீங்கியிருக்க வேண்டும். இல்லையேல் உருக்கும்போது தாள் கருகிச் சரக்குக் கெடும். வெள்ளிக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்தால்தான் நூல்காரருக்கு வேலை உண்டு.

நொய்யல் கரையில் நின்று சொல்வது

கண்ணைவிட்டு மறைந்த கழிவு இல்லாமற் போய்விடாது என்ற பாடத்தைத் திருப்பூரைப் போல் அதிக விலை கொடுத்துக் கற்ற ஊர் அபூர்வம். சாயப்பட்டறைகளின் நீர் நொய்யலில் இறங்கி, 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தைப் பாழாக்கி, வழக்காகி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை வந்ததும் இவ்வூரார் கண்முன் நடந்தவை. கழிவுநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பத் தெரிந்த ஊருக்கு, எக்ஸ்ரே படத்திலிருந்து பெயரையும் வெள்ளியையும் பாலியெஸ்டரையும் பிரிப்பது பெரிய காரியம் அன்று. தண்ணீருக்குக் கணக்கு வைத்ததுபோல் பிலிமுக்கும் கணக்கு வைத்தால் போதும்.

வாசகர் செய்யத்தக்கவை சொற்பமே. சிகிச்சை தொடரும் படத்தையும், எலும்பில் தகடு வைத்த படத்தையும், வழக்கிலோ காப்பீட்டிலோ சம்பந்தப்பட்ட படத்தையும் எறியாதீர்கள். டாக்டரைக் கேட்டுப் பத்திரப்படுத்துங்கள். வேண்டாதது என்று நிச்சயமான படத்தில், பெயருள்ள ஓரத்தைக் கத்தரித்துப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுங்கள். எந்தப் படத்தையும் எரிக்காதீர்கள். குப்பை வண்டியில் மற்றக் குப்பையோடு கலக்காதீர்கள். எடுத்த ஆஸ்பத்திரியோ ஸ்கேன் சென்டரோ திரும்பப் பெற்றுக்கொள்ளுமானால் அங்கேயே கொடுங்கள். இல்லாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரைத் தேடிக் கொடுங்கள். அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது, உங்கள் பழைய பிலிம்களையும் பிக்ஸர் நீரையும் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், அழித்ததற்குச் சான்று வாங்குகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்கு நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு. படத்தில் இருப்பது அவருடைய உடம்பு.